பதற்றத்துக்கு ஃபெனிபட்: மெடிக்கல் கடைக்காரன் பார்த்த ஒரு டப்பா

ஃபெனிபட் என்ற இந்தப் பதற்ற மருந்து என் கடையில் விற்கும் சரக்கு இல்லை, விற்கவும் முடியாது, விற்றால் லைசென்ஸுக்கே ஆபத்து. இருந்தாலும் இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. மதுரையில் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறேன், அங்கே ஆன்லைனில் வாங்கித் தீர்த்துவிட்டுக் காலி டப்பாவோடு "இதே மாதிரி இங்கன கிடைக்குமாண்ணே" என்று கேட்டு வருபவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறார்கள். அப்படி வந்த ஒரு தம்பியிடம் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் படித்து, எனக்குத் தெரிந்த மருந்தியலையும் சட்டத்தையும் வைத்துப் பார்த்ததில் தோன்றியது இந்த விமர்சனம். விற்கிற நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இந்தப் பொருளை விற்பது அந்த ஒரு நிறுவனம் மட்டும் இல்லை என்பது ஒரு காரணம், பெயரைப் போட்டால் அதுவே இலவச விளம்பரம் ஆகிவிடும் என்பது இன்னொன்று.

டப்பா பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக், நீல மூடி, முன்பக்கம் ஒரு தாமரைப்பூ, அதற்குக் கீழே 'மன அமைதி, ஆழ்ந்த தூக்கம், கூர்மையான கவனம்'. உள்ளே 60 காப்ஸ்யூல், ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் ஃபெனிபட் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். விலை ரெண்டாயிரத்துச் சொச்சம். பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'உணவுத் துணைப்பொருள், மருந்து அல்ல' என்று ஒரு வரி. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்த ஒரு வரி மேல்தான்.

வழக்கமாக இந்த மாதிரி டப்பாக்களைத் திட்டும்போது 'எல்லாம் டூப், உள்ளே வெறும் மாவு' என்று முடித்துவிடுவோம். இதில் அப்படிச் சொல்ல வழியில்லை. ஃபெனிபட் வேலை செய்யும். நன்றாகவே வேலை செய்யும். வேலை செய்கிற ஒரு பொருளை, அது வேலை செய்வதாலேயே டாக்டர் சீட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஒன்றை, புரோட்டீன் பவுடர் வரிசையில் வைத்து விற்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நம் மூளையில் நரம்பு செல்களின் துடிப்பை அடக்கி வைக்கிற முக்கியமான ரசாயனம் காபா, முழுப்பெயர் காமா அமினோ பியூட்டிரிக் அமிலம். காபாவை அப்படியே மாத்திரையாக விழுங்கினால் பெரிய பிரயோஜனம் இல்லை, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கிற தடுப்பைத் தாண்டி அது உள்ளே போவது மிகவும் குறைவு. 1960-களில் சோவியத் ரஷ்யாவில், லெனின்கிராடில், பெரிகாலின் என்ற வேதியியலாளரும் அவரோடு இருந்தவர்களும் காபாவின் மேல் ஒரு ஃபினைல் வளையத்தை ஒட்டினார்கள். கொழுப்பில் கரையக்கூடிய அந்த வளையம் இருப்பதால் தடுப்பைத் தாண்டுவது சுலபமாகிவிட்டது. அதுதான் ஃபெனிபட். பரிசோதனைக்கூடத்தில் செய்த பொருள், எந்தச் செடியிலும் வேரிலும் கிடையாது. இதைச் சொல்வதற்குக் காரணம், விற்பவரின் இணையதளத்தில் 'நூறு சதவீதம் இயற்கை' என்று போட்டிருந்ததுதான்.

காபா போய் உட்கார மூளையில் இரண்டு முக்கியமான இடங்கள் உண்டு. காபா-ஏ என்பதில்தான் அல்பிரசோலம், டயசிபாம் போன்ற பதற்ற மாத்திரைகளும், மதுவும்கூட, வேலை செய்கின்றன. ஃபெனிபட் போய் உட்காருவது பெரும்பாலும் காபா-பி-யில். அங்கே உட்கார்ந்ததும் பொட்டாசியம் வாசல்கள் திறக்கின்றன, கால்சியம் வாசல்கள் மூடுகின்றன, செல் தூண்டப்படுவது குறைகிறது, அடுத்த செல்லுக்கு அனுப்பும் ரசாயனமும் குறைகிறது. மனிதனுக்குத் தெரிவது என்னவென்றால், நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது, கூட்டத்தில் பேசக் கூச்சம் போகிறது, தூக்கம் வருகிறது. 2015-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இன்னொன்றையும் காட்டியது: ஃபெனிபட் கால்சியம் வாசலின் ஆல்ஃபா-2-டெல்டா என்ற பகுதியிலும் ஒட்டுகிறது, காபா-பி-யில் ஒட்டுவதைவிட அங்கே இன்னும் இறுக்கமாகவே ஒட்டுகிறது.

இந்த இரண்டு இடத்தையும் கேட்டதும் எந்த பார்மசிஸ்ட்டுக்கும் தன் கடை ராக்கில் இருக்கிற சில மருந்துகள் ஞாபகம் வந்துவிடும். ஆல்ஃபா-2-டெல்டாவில் வேலை செய்வது கபாபென்டினும் பிரிகாபலினும். மதுரையில் சுகர்காரர்கள் கால் எரிச்சலுக்கு வாங்கிப் போகிற மாத்திரைதான் பிரிகாபலின், ஐரோப்பாவில் அதைப் பதற்ற நோய்க்கும் அனுமதித்திருக்கிறார்கள். காபா-பி-யில் வேலை செய்வது பேக்லோஃபென், பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் விறைத்துப்போனவர்களுக்கும் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் நரம்பு டாக்டர் எழுதுவார். ஃபெனிபட்டின் வளையத்தில் ஒரே ஒரு குளோரின் அணுவை ஒட்டினால் பேக்லோஃபென். அவ்வளவுதான் வித்தியாசம், இரண்டும் வேதியியலில் பங்காளிகள். பேக்லோஃபென் வலுவானது என்பதால் 10 மில்லிகிராம் மாத்திரையாக வரும், ஃபெனிபட் வலு குறைவு என்பதால் 250, 500 என்று பெரிய அளவில் வரும். ஒரு பங்காளியை சீட்டு இல்லாமல் நான் கொடுத்தால் குற்றம், இன்னொரு பங்காளி கூரியரில் வீட்டு வாசலுக்கே வருகிறான்.

இனி அனுபவத்துக்கு வருவோம், என் அனுபவம் இல்லை, டப்பா கொண்டுவந்த தம்பியின் அனுபவம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன், அண்ணா நகர்ப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், தேர்வு அறையில் கை நடுங்கும், நேர்முகத் தேர்வில் வாய் உலர்ந்துவிடும். முதலில் சாப்பிட்டபோது ஒன்றுமே தெரியவில்லையாம். அரை மணி, ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றுமில்லை, சரி போலிச் சரக்கு போல என்று இன்னொன்றையும் போட்டிருக்கிறான். இந்த மருந்தில் பலர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், ஏனென்றால் வாய்வழி சாப்பிட்டால் முழு விளைவு தெரிய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு இரண்டாவதை விழுங்கியவருக்கு ரெண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்கும், தலை சுற்றும், நடை தள்ளாடும், உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவார். டப்பாவில் 'தேவைக்கேற்ப 1 முதல் 3 காப்ஸ்யூல்' என்று போட்டிருக்கிறதே தவிர, விளைவு தெரிய இவ்வளவு நேரமாகும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

மறுநாளிலிருந்து அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. மாதிரித் தேர்வு நன்றாக எழுதினான், நண்பர்களோடு கலகலப்பாகப் பேசினான், இரவு நன்றாகத் தூங்கினான். கேட்கும்போது எனக்கே பொறாமையாக இருந்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒரு காப்ஸ்யூல் பத்தவில்லை. உடம்பு இதற்கு வெகு சீக்கிரம் பழகிவிடும், அதே அமைதிக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். டப்பா தீர்ந்து அடுத்த பார்சல் வரத் தாமதமானதும்தான் நிஜமான பிரச்சினை ஆரம்பித்தது. தூக்கம் போனது, வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, முன்பு இருந்த பயத்தைவிட நாலு மடங்கு பயம். ஊரிலிருந்து வந்த அம்மா எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று நினைத்துப் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டு வந்திருக்கிறார். அதில் தப்பு சொல்ல நான் யார், ஆனால் பையன் அம்மாவிடமும் டப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை, அதற்கு அப்புறம் பார்த்த டாக்டரிடமும் சொல்லவில்லை. என்னிடம் வந்து இதே சரக்கு வேண்டும் என்று கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

"டாக்டர்ட்ட இதச் சொன்னியாப்பா?"

"இல்லண்ணே. இது மருந்தே இல்லையே, சப்ளிமெண்ட்தான. அவரு கேக்கவும் இல்ல."

'மருந்து அல்ல' என்ற அந்த ஒரு வரி செய்கிற வேலையைப் பாருங்கள். டாக்டர் "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் வாங்கியவன் மனசாட்சியோடு "இல்லை" என்று சொல்லிவிடுவான். சிறுநீர்ப் பரிசோதனையிலும் பிடிபடாது, வழக்கமாகச் செய்கிற போதைப்பொருள் சோதனைகள் ஃபெனிபட்டைக் காட்டுவதில்லை. அளவு மிஞ்சி மயங்கிய நிலையில் ஒருவரைக் கொண்டுவந்து போட்டால் காஷுவாலிட்டியில் இருப்பவர் என்னவென்று கண்டுபிடிப்பார்? கூட வந்தவர்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தால்தான் உண்டு.

இதைத் தினமும் சாப்பிட்டுப் பழகியவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: பயந்துபோய் இன்றைக்கே குப்பையில் கொட்டிவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் நடுக்கமும் மட்டுமில்லை, இல்லாததைப் பார்ப்பது, குழம்பிப்போய்க் கத்துவது, சிலருக்கு வலிப்பு வரைக்கும் போனதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. மனநல மருத்துவரிடம் டப்பாவைக் காட்டினால் படிப்படியாகக் குறைப்பதற்கு அவரிடம் வழி உண்டு. பல நோயாளிகளுக்கு அந்தப் பங்காளி பேக்லோஃபெனையே கொடுத்து மெதுவாக இறக்கியிருக்கிறார்கள். இந்தத் தம்பியும் அப்படித்தான் டாக்டரிடம் மறுபடி போய், டப்பாவை மேசையில் வைத்து, இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறான்.

இன்னும் சில பேர் இதன் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது. சாப்பிட்டதில் பெரும்பகுதி மாறாமல் அப்படியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது, அதனால் கிட்னி பழுதானவர்களுக்கு உடம்பிலேயே தேங்கும். மதுவோடோ, தூக்க மாத்திரையோடோ, வலி மருந்தாகக் கொடுக்கும் ஓபியாய்டுகளோடோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். வண்டி ஓட்டுகிறவர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, காளவாசல் சிக்னலில் முழித்திருப்பவனுக்கே உயிர் தப்புவது பெரிய விஷயம்.

டப்பாவின் பின்பக்கத்தில் 'விண்வெளி வீரர்கள் பயன்படுத்தியது' என்று ஒரு பெருமை அடித்திருக்கிறார்கள். அது பொய்யில்லை. சோவியத் விண்வெளி வீரர்களின் மருந்துப்பெட்டியில் ஃபெனிபட் இருந்தது, 1975-ல் அமெரிக்க அப்போலோவும் ரஷ்ய சோயுஸும் விண்வெளியில் கைகோத்த பயணத்தோடும் இதைச் சேர்த்துச் சொல்வார்கள். சுறுசுறுப்பைக் கெடுக்காமல் பதற்றத்தை அடக்க வேண்டும் என்பது அவர்கள் தேவை. சரிதான், ஆனால் அந்த வீரருக்குப் பின்னால் ஒரு டாக்டர் படையே நாடி பிடித்துக்கொண்டு இருந்தது. இன்றைக்கும் ரஷ்யாவில் இது பதற்றம், தூக்கமின்மை, பிள்ளைகளின் திக்குவாய் என்று பலவற்றுக்கும் எழுதப்படுகிற மருந்து, 250 மில்லிகிராம் மாத்திரையாக, டாக்டர் சீட்டோடு. லாட்வியாவில் நூஃபென் என்ற பெயரில் வருகிறது, அங்கேயும் சீட்டு வேண்டும். விண்வெளியைப் பற்றிச் சொன்னவர்கள் சீட்டைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்பது சுவாரசியமான கதை. ஆஸ்திரேலியா 2018-ல் இதை ஷெட்யூல் 9-ல், தடை செய்யப்பட்ட பொருள்களின் வரிசையில், சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் எஃப்.டி.ஏ., அதாவது அந்த நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இதை மருந்தாக அங்கீகரிக்கவே இல்லை, ஆனால் சப்ளிமெண்ட் என்ற பெயரில் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. 2019-ல் எஃப்.டி.ஏ. விற்பனையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது: இது உணவுத் துணைப்பொருளில் சேர்க்கத்தக்க பொருளே கிடையாது, ஆகவே இதைப் போட்டு சப்ளிமெண்ட் என்று விற்றால் அது தவறான முத்திரை என்று. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. எச்சரிக்கைக்கு முன்னும் பின்னும் வாங்கிச் சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள், சில டப்பாக்களில் ஒரு வேளைக்கான அளவே ஐரோப்பிய மாத்திரை அளவைப் போல நான்கு மடங்குக்கு மேல் இருந்ததாக எழுதினார்கள். 2009-லிருந்து 2019 வரை அமெரிக்க நச்சு ஆலோசனை மையங்களுக்கு ஃபெனிபட் சம்பந்தமாக வந்த அழைப்புகள் 1,320, அதில் பெரும்பகுதி 2015-க்கு அப்புறம் வந்தவை. அலபாமா மாநிலம் 2021-ல் தனியாகச் சட்டம் போட்டுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. அதே 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் ஃபெனிபட்டை எடுத்துப் பார்த்தது, சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரச் சொல்லாமல் கண்காணிப்பில் வைத்தால் போதும் என்று விட்டது. ஒரே பொருள், ஒரு நாட்டில் மருந்து, ஒரு நாட்டில் தடை, ஒரு நாட்டில் இரண்டுக்கும் நடுவே தொங்கல்.

இதைப் படித்துவிட்டு 'அமெரிக்காக்காரன் அங்கீகரிக்கவில்லை என்றால் விஷம்' என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். நேர் எதிர்க் கதையும் இருக்கிறது. எடிசோலம் என்ற பதற்ற மாத்திரை நம் ஊரில் டாக்டர் சீட்டுக்குச் சாதாரணமாகக் கொடுப்போம், அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை, 2023-ல் அங்கே ஷெட்யூல் 1-ல், ஹெராயின் இருக்கிற வரிசையில், போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கிற மகனுக்கு ஊறுகாயோடு இதையும் ஒரு அட்டை வைத்து அனுப்பலாமா என்று கேட்ட ஒரு அம்மாவைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். அனுமதி என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. அந்தந்த நாட்டில் யாராவது ஆதாரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, அரசாங்கம் அதைப் பார்த்து, இன்ன நோய்க்கு, இன்ன அளவில், இன்ன எச்சரிக்கையோடு என்று முடிவு செய்தால்தான் அங்கே அது மருந்து.

இந்தியாவில் அந்த வேலை ஃபெனிபட்டுக்கு நடக்கவில்லை. 1940-ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி, நோயைக் குணப்படுத்தவோ தணிக்கவோ தடுக்கவோ என்று கொடுக்கப்படும் எந்தப் பொருளும் மருந்துதான், டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பதற்றத்துக்கு என்று சொல்லி விற்ற அந்த நிமிடமே அது மருந்தாகிவிடுகிறது. இங்கே இதுவரை அனுமதி பெறாத மருந்தைக் கொண்டுவருவதென்றால் 2019-ஆம் வருடத்து புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி டெல்லியில் சி.டி.எஸ்.சி.ஓ.விடம், அதாவது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம், விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். சரி, மருந்து வேண்டாம், உணவு என்றே வைத்துக்கொள்வோம் என்றால் அந்தக் கதவும் மூடித்தான் இருக்கிறது. 2006-ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, ஊட்டச்சத்துப் பொருள் என்ற கணக்கில் மருந்து வராது என்று தெளிவாகவே சொல்கிறது. 2016-இல் வந்த சப்ளிமெண்ட் ஒழுங்குமுறைகளில் என்னென்ன வைட்டமின், தாது, அமினோ அமிலம், மூலிகை சேர்க்கலாம் என்று அட்டவணைகளே போட்டிருக்கிறார்கள். சோவியத் பதற்ற மாத்திரைக்கு அதில் ஏது இடம்.

ஆக, உணவுச் சட்டத்திலும் அனுமதி இல்லை, மருந்துச் சட்டத்திலும் அனுமதி இல்லை. இருந்தும் பார்சல் வருகிறது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. மருந்து ஆய்வாளர் என் கடைக்கு வருவார், பில்லைப் பார்ப்பார், ஸ்டாக்கைப் பார்ப்பார், ஷெட்யூல் எச்-1 ரிஜிஸ்டரைப் புரட்டுவார். அல்பிரசோலம் கொடுத்தால் எழுதிய டாக்டர் யார், வாங்கிய நோயாளி யார், எத்தனை மாத்திரை என்று எழுதி, அந்த ரிஜிஸ்டரை 3 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்டதற்காக என் மேல் கோபப்பட்டுப் போனவர்கள் ஏராளம், "நாலு மாத்திரைக்கு என்னண்ணே இவ்வளவு அதிகாரம்" என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்பார்கள். முகவரி இல்லாத இணையக் கடைக்கு எந்த ஆய்வாளர் போவார், எந்தக் கதவைத் தட்டுவார்? எங்கோ ஒரு நாட்டிலிருந்து 'அமினோ அமிலப் பொடி' என்று எழுதி வருகிற சின்னப் பொட்டலம் சுங்கத்தில் எத்தனையில் ஒன்று திறந்து பார்க்கப்படும்? வெளிநாட்டு மருந்தை ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க முறையான வழி இருக்கத்தான் செய்கிறது, டாக்டர் சீட்டை வைத்து 12ஏ படிவத்தில் விண்ணப்பித்தால் 12பி-யில் அனுமதி தருவார்கள். டப்பாவோடு வந்த யாரும் அந்தப் படிவத்தைக் கேள்விகூடப் பட்டதில்லை.

இப்போது கடைக்காரனாக லேபிளைப் பார்க்கிறேன். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம், கொடுக்கும் 14 இலக்க எண் இருக்க வேண்டும், இதில் அந்தச் சின்னம் மட்டும் அச்சடித்திருக்கிறது, எண்ணைக் காணோம். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி இல்லை. காலாவதித் தேதி ஒட்டுத்தாளில். ஒரு ரூபாய் மாத்திரை அட்டையில்கூட உற்பத்தி லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி எல்லாம் இருக்கும், ஏதாவது கெட்டது நடந்தால் அந்த பேட்சையே நாடு முழுக்கத் திரும்பப் பெறலாம். இந்த டப்பாவில் ஒரு பிரச்சினை என்றால் எதைப் பிடித்து எங்கே போவது? இதையே பொடியாகப் பையில் போட்டு 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல' என்று எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள், அதே பக்கத்தில் அளவுக் கரண்டியும் சேர்த்து விற்பார்கள். எந்த ஆராய்ச்சிக்கு இப்படிக் கரண்டி வேண்டுமோ.

விற்பனைக்குப் பிந்தைய சேவை எப்படி என்று பார்க்க, அவர்கள் கொடுத்திருந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு லைசென்ஸ் எண் என்ன, கிட்னி நோயாளி சாப்பிடலாமா என்று கேட்டு அனுப்பினேன். பதில் வந்த வேகத்துக்கு முழு மதிப்பெண். 'வணக்கம் சார், எங்கள் தயாரிப்பு முற்றிலும் பாதுகாப்பானது, இரண்டு டப்பா வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி' என்று வந்தது. மறுபடி கேட்டதும் அதே செய்திதான், தள்ளுபடி மட்டும் 25 ஆகியிருந்தது.

காசுக்கு ஏற்ற பொருளா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. தினமும் ஒன்று என்று தொடங்கினால் ரெண்டு மாதம், உடம்பு பழகி ரெண்டு மூன்று என்று போனால் மாதத்துக்குள் டப்பா காலி. அந்தக் காசில் பாதிகூட இல்லாமல் முறையான வைத்தியம் நடக்கும். பதற்ற நோய்க்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் எசிட்டலோபிராம் வகை மாத்திரை, மக்கள் மருந்தகத்தில் மிகக் குறைந்த விலை. அதில் ஒரு குறை உண்டு, பலன் முழுசாகத் தெரியச் சில வாரம் பிடிக்கும், முதல் நாட்களில் குமட்டும், கொஞ்சம் படபடப்பு கூடினாலும் கூடும். ஆளை அசத்துகிற வேகம் ஃபெனிபட்டுக்குத்தான், அதை மறுக்கவில்லை. மேடையேறும்போது மட்டும், தேர்வு அன்று மட்டும் கை நடுங்குகிறவர்களுக்கு பிரொபிரனலால் எழுதுவதும் வழக்கம், ஆனால் ஆஸ்துமா இருப்பவருக்கு அது ஆகாது, அதனால்தான் அதற்கும் சீட்டு. மாத்திரையே இல்லாமல் பேச்சு வழியாகப் பயத்தைக் கையாளப் பழக்குகிற சிகிச்சையும் இருக்கிறது, நன்றாக வேலை செய்யும், பொறுமைதான் வேண்டும். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கக் காசு கிடையாது, வரிசை நீளம்தான், காலையிலேயே போய்விடுவது உத்தமம். போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் போடலாம், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழிலும் பேசுவார்கள், யாரும் பார்க்கமாட்டார்கள்.

மதிப்பெண் போட்டுவிடுகிறேன். சொன்ன வேலையைச் செய்கிறதா: ஐந்துக்கு நான்கு, முதல் வாரத்துக்கு மட்டும். லேபிள்: பூஜ்ஜியம். பாதுகாப்புத் தகவல்: பூஜ்ஜியம். பதில் சொல்லும் வேகம் ஐந்து, பதிலின் உள்ளடக்கம் பூஜ்ஜியம். டப்பாவின் தரம் நன்றாக இருக்கிறது, கழுவினால் சீரகம் போட்டு வைக்கலாம்.

யாருக்காவது இதைச் சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால், டாக்டரைப் பார்த்த பிறகு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யுங்கள். மருந்துகளால் வரும் கேடுகளைக் கணக்கெடுக்கும் தேசியத் திட்டத்தின் எண் அது, நோயாளியே நேரடியாகச் சொல்லலாம். விற்பவர் மேல் புகார் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மதுரை அலுவலகத்துக்கு டப்பாவின் போட்டோ, பணம் கட்டிய ரசீது இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள், ரசீது இல்லாவிட்டால் புகாரை நகர்த்துவது கஷ்டம்.

கடைசியாக, டப்பாவில் ஃபெனிபட் என்றே எழுதியிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பீட்டா-ஃபினைல்-காபா, பீட்டா-ஃபினைல்-காமா-அமினோபியூட்டிரிக் அமிலம், 4-அமினோ-3-ஃபினைல்பியூட்டிரிக் அமிலம் என்று எப்படி வேண்டுமானாலும் எழுதுவார்கள், எல்லாம் இதே சரக்குதான். தூக்கத்துக்கு, கவனத்துக்கு, ஜிம்முக்குப் போய்வந்த பிறகு உடம்பு தேறுவதற்கு என்று வருகிற கலவைப் பொடிகளில், பட்டியலின் நடுவில், அஸ்வகந்தாவுக்கும் மெக்னீசியத்துக்கும் இடையில் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் வாங்கி வைத்திருக்கிற டப்பாவைத் திருப்பி அந்த இடத்தைப் படித்துப் பாருங்கள், புரியாவிட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு பக்கத்து மெடிக்கலில் காட்டுங்கள், எந்த பார்மசிஸ்ட்டும் இதற்குக் காசு கேட்கமாட்டார்.